பொய்த் தொட்டிலும் மெய்ச் சான்றும்

ஓர் இனத்தின் பெருமையைக் கெடுப்பதற்கு வழிகள் இரண்டு. அவ்வினம் செய்ததைச் செய்யவில்லை என்று மறைப்பது ஒன்று. அது செய்யாததைச் செய்தது என்று புனைவது மற்றொன்று. முன்னதைப் பகைவர் செய்வர். பின்னதை அன்பர் செய்வர். பகைவர் பொய்யை மறுக்க ஆயிரவர் எழுவர். அன்பர் பொய்யைக் கடிய ஒருவரும் எழார். அதனாலேயே பின்னது முன்னதினும் கொடிது.

கிரிக்கெட்டு எனப்பெறும் ஆங்கில மட்டைப்பந்தாட்டத்திற்குத் தமிழரின் கிட்டிப்புள்ளே தாய் என்றும், வெள்ளையன் அதனைத் திருடிக் கொண்டுபோய்த் தன் பெயரிட்டுத் திருப்பி விற்றான் என்றும் மேடையில் முழங்குவார் உளர். அவர்க்கு எதிர்க்கோடியில் நிற்பார் இன்னொரு சாரார். கிட்டிப்புள் தெருப்பிள்ளைகளின் வீண் ஆட்டம், கிரிக்கெட்டே நாகரிகர் ஆட்டம் என்பது அவர் துணிபு. முன்னவர் கூற்றுக்குச் சான்றில்லை. பின்னவர் கூற்றுக்கு மானமில்லை. இவ்விரு சாரார்க்கும் விடை, கடல்கடந்த அமெரிக்கக் குடியேற்ற வரலாற்றில் கிடக்கின்றது.

ஒரு பொய்யின் பிறப்பு

'பேசுபால்' எனும் அடிபந்தாட்டம் அமெரிக்கரின் நாட்டு ஆட்டம். அது தங்கள் மண்ணில்தான் பிறந்திருத்தல் வேண்டும் என்னும் வேட்கை அவர்க்கு இருந்தது. ஆங்கிலநாட்டிற் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த என்றி சாட்விக்கு என்னும் எழுத்தாளர், அஃது ஆங்கிலச் சிறுவரின் 'ரவுண்டர்சு' ஆட்டத்தினின்று கிளைத்தது என எழுதினார். அதனைப் பொறாதவர் ஆல்பர்ட்டு இசுபால்டிங்கு. இவர் முன்னாளில் பந்தெறியாளர். பின்னாளில் விளையாட்டுக் கருவி விற்கும் பெருவணிகர். இவர் தூண்டுதலால் 1905-இல் ஓர் ஆய்வுக்குழு அமைந்தது. ஆபிரகாம் மில்சு அதன் தலைவர்.

அக்குழுவிற்கு ஒரு மடல் வந்தது. எழுதியவர் ஆப்னர் கிரேவ்சு என்னும் சுரங்கப் பொறியாளர். 1839-ஐ ஒட்டிய காலத்தில், நியூயார்க்கு மாநிலத்துக் கூப்பர்சுடவுன் என்னும் ஊரில், ஆப்னர் தபுள்டே என்பார் இவ்வாட்டத்தைப் புதிதாகப் புனைந்தார் என்பது அம்மடலின் செய்தி. தபுள்டே அமெரிக்க உள்நாட்டுப் போரில் புகழ்பெற்ற படைத்தலைவர். படைத்தலைவர் ஒருவரே நாட்டு ஆட்டத்தின் தந்தை எனின், அதனினும் இனிய செய்தி வேறு யாது? 1907-இன் இறுதியில் குழு அதனையே முடிபாக எழுதியது. அதன்பின் 1939-இல் அவ்வூரிலேயே புகழ்மன்றமும் எழுந்தது.

கட்டடம் எழுந்தது, சான்று எழவில்லை. 1839-இல் தபுள்டே கூப்பர்சுடவுனில் இல்லை. வெசுட்டுபாயிண்டுப் படைக்கல்லூரியில் மாணவராக இருந்தார். 1893-இல் இறக்குந்துணையும் தாம் இவ்வாட்டத்தைப் படைத்ததாக அவர் எங்கும் எழுதி வைக்கவில்லை. மடல் எழுதிய கிரேவ்சுக்கு 1839-இல் அகவை ஐந்து! ஐந்தகவைப் பிள்ளையின் நினைவைப் பற்றுக்கோடாகக் கொண்டு ஒரு பெருநாடு தன் வரலாற்றை எழுதியது. வேண்டும் விடையை முன்னரே வைத்துக்கொண்டு வினவுவார்க்கு எம்மடலும் சான்றாம்.

தடையிற் பிழைத்த மெய்

பொய் இவ்வாறு மண்டபத்தில் வீற்றிருக்க, மெய் எங்கே கிடந்தது? ஆளுநர் கையெழுத்தில் கிடந்தது. அடக்குமுறை கட்டளையில் கிடந்தது. நாட்குறிப்பின் ஓரத்தில் கிடந்தது.

1620-இல் மேபிளவர்க் கப்பலில் வந்து பிளிமத்தில் குடியேறிய ஆங்கிலர், கிறித்து பிறந்தநாளைக் கொண்டாடாத கடுநெறியர். மறுவாண்டு 1621-இல் புதிதாக வந்து சேர்ந்தவருட் சிலர், அந்நாளில் உழைப்பது தம் மனச்சான்றிற்கு ஒவ்வாது என்றனர். ஆளுநர் வில்லியம் பிராட்போர்டு அவரை விட்டுவிட்டு ஏனையோரை வேலைக்கு அழைத்துச் சென்றார். நண்பகலில் திரும்பி வந்து பார்க்க, விடப்பட்டவர் தெருவில் ஆடிக்கொண்டிருந்தனர். சிலர் கட்டை எறிந்தனர். சிலர் முக்காலிப் பந்து என்று பொருள்படும் 'இசுடூல்பால்' ஆடினர். ஆளுநர் அவர்தம் ஆட்டக் கருவிகளைப் பறித்துக்கொண்டார். பிறர் உழைக்க இவர் ஆடுவது தம் மனச்சான்றிற்கு ஒவ்வாது என்றும் சுடச்சுடக் கூறினார்.

அமெரிக்கக் குடியேற்றத்தில் பந்தாட்டத்திற்குக் கிடைக்கும் மிகப் பழஞ்சான்றுகளுள் இஃது ஒன்று. ஆடியவர் எழுதியதன்று; பறித்தவர் எழுதியது. அவ்வெழுத்துப் படியும் அமெரிக்க விடுதலைப்போர்க் காலத்தில் காணாமற்போய், பின்னர் இலண்டன் சமயத்தலைவரின் நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டு, 1856-இல்தான் முழுமையாக அச்சேறியது. 1897-இல்தான் அமெரிக்காவிற்கு மீண்டது. ஓர் இனத்தின் ஏடு ஆண்டவனின் பேழைக்குள் அடங்கிக் கிடக்கும் கொடுமையைத் தமிழர்க்கு விளக்கவேண்டுவதில்லை.

அடுத்து நூற்சான்று. 1744-இல் இலண்டனில் சான் நியூபெரி என்னும் நூல் வெளியீட்டாளர் பிள்ளைகட்குச் சிறுநூல் ஒன்று வெளியிட்டார். 'பேசுபால்' எனும் பெயர் அச்சில் முதன்முதல் காணப்படுவது அந்நூலில். அதாவது தபுள்டே 'புனைந்ததற்கு' 95 ஆண்டு முன்னர்! அந்நூலையே 1787-இல் மாசச்சூசெட்சில் ஐசாயா தாமசு என்னும் அச்சகத்தார் மறுபதிப்பாக வெளியிட்டார். ரவுண்டர்சு எனும் பெயரோ 1828-இல்தான் ஆங்கில நூலில் தலைகாட்டுகின்றது. ஆகவே, தபுள்டே கதையும் வீழ்ந்தது. ரவுண்டர்சுதான் தாய் என்ற சாட்விக்கு கொள்கையும் தளர்ந்தது. இவ்விரண்டையும் 2005-இல் தாவீது பிளாக்கு என்னும் ஆய்வாளர் தம் நூலில் சான்றுகொண்டு உடைத்தார். பொய்யை மறுத்தவர் கூற்றும் சான்றின்முன் நில்லாதாயின் வீழும். அதுவே ஆய்வறம்.

விடுதலைப்போரின் நடுவே, 1778-இல் வேலிபோர்சுப் பாசறையில் சார்சு எவிங்கு என்னும் படைஞர், பயிற்சியின் இடைவேளையில் 'பேசு' ஆடியதைத் தம் நாட்குறிப்பிற் பதிந்தார். அடுத்த திங்களில் வாசிங்டனே வந்து தங்களோடு 'விக்கெட்டு' எனும் மட்டையாட்டம் ஆடினார் என்றும் எழுதினார். 1786-இல் பிரின்சுடன் கல்லூரி மாணவர் ஒருவர், பந்தைப் பிடிக்கவும் தவறி அடிக்கவும் தவறித் தோற்றதைக் குறித்து வைத்தார். தோற்றவன் எழுதிய அவ்வொரு வரி, வென்றவர் புனைந்த நூறு பக்கத்தினும் வலிது.

1791-இல் மாசச்சூசெட்சு மாநிலத்துப் பிட்சுபீல்டு ஊரவை ஒரு கட்டளை பிறப்பித்தது. புதிதாகக் கட்டிய மன்றத்தின் பலகணிக் கண்ணாடிகள் உடையாதிருத்தற்பொருட்டு, அதனின்று 80 கசத் தொலைவிற்குள் யாரும் பந்தாடலாகாது என்பது அதன் சாரம். தடுக்கப்பட்ட ஆட்டங்களை ஒவ்வொன்றாகப் பெயர்சொல்லி அக்கட்டளை அடுக்குகின்றது: விக்கெட்டு, கிரிக்கெட்டு, பேசுபால், பேட்டுபால், காற்பந்து, 'பூனை' என்று பொருள்படும் கேட்டு, பைவ்சு. இவ்வேட்டை 2004-இல் சான் தோர்ன் என்னும் வரலாற்றறிஞர் வெளிக்கொணர்ந்தார். கண்ணாடிக்கு அஞ்சிய ஊரவை, தன்னை அறியாமலே ஏழு ஆட்டங்களின் பிறப்புச்சான்றை வருங்காலத்திற்கு எழுதிக் கொடுத்தது. இனத்தின் வரலாறு பெரும்பாலும் இவ்வாறே பிழைக்கின்றது. போற்றியவன் மறந்ததைத் தடுத்தவன் ஏடு காக்கின்றது.

ஆண்டான் ஆட்டம்

வர்சீனியாவில் வெசுட்டோவர்ப் பண்ணையின் உடைமையாளர் வில்லியம் பேர்டு. இவர் மறைகுறியெழுத்தில் நாட்குறிப்பு எழுதி வைத்தார். அது படித்தறியப்பட்டு 1941-இல் வெளிவந்தது. 1709-ஆம் ஆண்டுப் பக்கங்களில் இவர் கிரிக்கெட்டு ஆடிய செய்தி உளது. அமெரிக்க மண்ணில் கிரிக்கெட்டிற்குக் கிடைக்கும் பழஞ்சான்று என்று விளையாட்டு வரலாற்றார் அதனைக் கொண்டாடுவர். அதே நாட்குறிப்பில் அடிமைகளைச் சாட்டையால் அடிப்பித்த செய்திகளும் உள. ஒரே கை, ஒரே மை, ஒரே ஏடு!

காலை முழுதும் புகையிலைக் கொல்லையில் முதுகு முறிந்தவன் யார்? மாலையில் புல்வெளியில் மட்டை பிடித்தவன் யார்? குடியேற்ற நாடுகளில் ஆட்டம் என்பது ஓய்வு உடையவனின் ஆட்டம். ஓய்வோ பிறன் உழைப்பைத் திருடிப் பெற்றது. அடிமைகளும் ஆடியிருப்பர், அவர்தம் பிள்ளைகளும் கட்டையும் கந்தற்பந்துமாய்க் களித்திருப்பர். எழுத்தறிவு தடுக்கப்பட்ட அவர்க்கு நாட்குறிப்பு ஏது? சான்று இல்லாமை, ஆட்டம் இல்லாமை ஆகாது; அஃது ஏடு இல்லாமையே. இதனைத் தமிழர் நெஞ்சிற் பொறித்துக்கொள்ளல் வேண்டும்.

பெயரிழந்தும் இனமிழவாதார்

வந்தேறிகள் வருமுன்னரே அம்மண்ணின் முதற்குடிகள் வலைக்கோலாற் பந்தாடினர். அவ்வாட்டம் அவர்க்குப் பொழுதுபோக்கு மட்டுமன்று; வழிபாடு, நோய்மருந்து, போர்ப்பயிற்சி. 1630-களில் பிரெபூப்பு என்னும் பிரெஞ்சுச் சமயக்குரவர், ஊரோன் மக்கள் நோய்தீர வேண்டி அதனை ஆடியதைக் கண்டு எழுதினார். கோலின் வளைவைக் கண்ட பிரெஞ்சியர் தம் மொழியில் 'கிராசு' எனப் பெயரிட்டனர். ஒவ்வொரு குடியும் தன் தாய்மொழியில் வழங்கிய பெயர்கள் பின்னுக்குப் போயின. வந்தவன் இட்ட 'இலாக்கிராசு' உலகப்பெயர் ஆயிற்று.

1763-இல் ஓசிபுவே மக்கள் மிச்சிலிமாக்கினாக்கு ஆங்கிலக் கோட்டையின் வாயிலில் இவ்வாட்டத்தை ஆடினர். ஆங்கிலப் படைஞர் வேடிக்கை பார்த்து நிற்க, பந்து கோட்டையை நோக்கிப் பறந்தது, பின்னே ஆடுநரும் பாய்ந்தனர், கோட்டை வீழ்ந்தது. ஆட்டத்தை வெறும் வேடிக்கை என்று எண்ணியவன் கோட்டையை இழந்தான்.

பின்னர் 1867-இல் மாண்ட்டிரியல் நகரத்துப் பல்மருத்துவர் வில்லியம் சார்சு பியர்சு இவ்வாட்டத்திற்கு விதி வகுத்து அச்சிட்டார். 1880 அளவில், பணம் பெற்று ஆடுவோரை விலக்குதல் என்னும் பெயரால், ஆட்டத்தைத் தந்த முதற்குடிகளையே தலைமைப் போட்டியினின்று கழகத்தார் விலக்கினர். கொடுத்தவன் வெளியே, கொண்டவன் உள்ளே. ஆயினும் ஓடனோசோனி மக்கள் தளரவில்லை. 1990 முதல் உலகப் போட்டியில் தனியினமாகத் தம் பெயரில் களமிறங்குகின்றனர். 2010-இல் அவர்தம் சொந்தக் கடவுச்சீட்டை ஆங்கில அரசு ஏற்க மறுத்த பொழுது, பிறர் கடவுச்சீட்டிற் செல்வதினும் போட்டியை இழப்பதே மேல் என நின்றனர். அவர் தொகையிற் சிறியர், மானத்திற் பெரியர். தொகையிற் பெரிய தமிழர் இதன்முன் தலைகுனிதல் தகும்.

கப்பலில் வந்த மட்டை

இந்நிலத்திற்கு மட்டைப்பந்து வந்த வரலாறு மறைவானதன்று. 1721-இல் குசராத்துக் காம்பேக் கடற்கரையில் ஆங்கிலக் கப்பலோட்டிகள் நாடொறும் கிரிக்கெட்டு ஆடியதைக் கிளமண்டு தௌனிங்கு என்பார் 1737-இல் வெளியிட்ட தம் நூலிற் குறித்தார். இந்தியாவில் அவ்வாட்டத்திற்கு முதற்சான்று அதுவே என்பர். 1792-இல் கல்கத்தாவில் கழகம் இருந்தது. 1846-இல் சென்னையில் கழகம் தோன்றியது. சேப்பாக்கத்துக் கழகம் வெள்ளையர் கழகம். மண்ணின் மக்கள் வேலிக்கு வெளியே நின்றனர். அதனாலன்றோ 1888-இல் புச்சிபாபு என்பார் முயன்று உள்நாட்டார்க்குத் தனிக்கழகம் காண நேர்ந்தது! பிற்காலத்தில் பொங்கல் நாளையொட்டிச் சேப்பாக்கத்தில் ஐரோப்பியர்க்கும் இந்தியர்க்கும் ஆண்டுதோறும் போட்டி நடந்தது. வெள்ளையன் ஆட்சி 1947-இல் நீங்கியது. அப்போட்டியோ 1952 வரை நீங்கவில்லை. உழவர் திருநாளுக்கு ஆண்டவனோடு மட்டையாட்டம்! கொடி இறங்கிய பின்னும் பழக்கம் இறங்காமைக்கு இதனினும் எடுத்துக்காட்டு வேண்டா.

மகனில்லாத் தாய்க்குப் பொய்மகன் வேண்டா

இனி, கிட்டிப்புள்ளே கிரிக்கெட்டின் தாய் என்பார் கூற்றை உரைத்துப் பார்த்தல் வேண்டும். ஆங்கிலநாட்டுக் கில்போர்டு ஊரில் 1598-இல் ஒரு நில வழக்கு. சான் தெரிக்கு என்னும் முதியவர், தாம் பள்ளிச்சிறுவராக இருந்தபொழுது அந்நிலத்தில் கிரிக்கெட்டு ஆடியதாக மன்றத்திற் சான்று பகர்ந்தார். அஃது ஏறத்தாழ 1550-ஐ ஒட்டிய காலம். ஆங்கிலக் கிழக்கிந்தியக் குழுமம் தோன்றியதோ 1600-இல். சென்னைக் கோட்டைக்கு நிலம் பெற்றது 1639-இல். திருடன் வருமுன்னரே திருட்டு நடந்தது என்பதை எம்மன்றம் ஏற்கும்?

அன்றியும், கிட்டிப்புள்ளை ஒத்த சிறுகட்டை ஆட்டம் ஆங்கிலர்க்கும் இருந்தது. சான் பனியன் என்னும் சமய எழுத்தாளர், தம் இளமையில் ஓய்வுநாளில் குழியினின்று 'கேட்டு'க் கட்டையை எழுப்பி ஒருமுறை அடித்து, மறுமுறை அடிக்க ஓங்கிய பொழுது மனம் உறுத்தப்பெற்றதை 1666-இல் வெளிவந்த தம் வாழ்க்கை நூலிற் கூறுகின்றார். இத்தாலியரும் இதனை 'லிப்பா' என ஆடினர். கோலும் கட்டையும் மரம் முளைக்கும் நிலமெங்கும் உள. பிள்ளைகளும் எங்கும் உளர். ஒப்புமை உறவாகாது. இரு வீட்டில் அடுப்பெரிவது கண்டு, ஒரு வீட்டு நெருப்பை மறுவீட்டார் திருடினர் என்பது அறியாமை.

கல்லாதான் அவையேறிப் பேசுதலைக் கட்டம் வரையாமல் வட்டாடுவதற்கு ஒப்பிட்டவர் வள்ளுவர். சான்றின்றி வரலாறு பேசுவார்க்கும் அவ்வுவமையே பொருந்தும். தமிழின் பழமைக்குக் கழகநூல்கள் உள. அவற்றில் மகளிர் பந்தாடியமைக்குச் சான்று உளது. சிலப்பதிகாரத்துள் பந்தாட்டப் பாட்டே உளது. இத்துணை மெய்யிருப்பு உடைய இனம், ஏன் ஒரு பொய்க்காசைச் செலாவணிக்கு விடல் வேண்டும்? ஒரு பொய்க்காசு பிடிபட்டால் பைக்காசு முழுதும் ஐயத்திற்கு உள்ளாகும். தமிழ்ப்பகைவர் காத்திருப்பது அதற்கே. ஒரு மேடையில் ஒருவர் உதிர்க்கும் பொய்யைக் கொண்டு, நூறு அறிஞர் நிறுவிய மெய்யையும் 'இதுவும் அதுபோன்றதே' எனத் தள்ளுவர். பொய் முழங்குவார் பகைவர்க்குக் கூலியின்றி உழைக்கின்றனர்.

செயல் யாது?

கிட்டிப்புள்ளின் பெருமை, கிரிக்கெட்டைப் பெற்றதில் இல்லை. ஒரு கத்தியும் ஒரு மரக்கிளையும் போதும் என்ற எளிமையில் உளது. கழகக் கட்டணம் இல்லை, வேலி இல்லை, தோற்றவன் மூச்சுவிடாமற் பாடிக்கொண்டு ஓடும் அவ்வழக்கிற் பாட்டும் உடற்பயிற்சியும் ஒருங்கே உள. ஓரிடத்திற் கிட்டிப்புள், ஓரிடத்திற் கில்லி, கொங்குநாட்டிற் சில்லாங்குச்சி என இடந்தோறும் பெயர் வேறு, விதியும் வேறு, எண்ணும் முறையும் வேறு. பேய்ப்பந்து, பிள்ளையார் பந்து போலும் பந்தாட்டங்களும் இருந்தன. இவற்றுட் பலவற்றை மொழிஞாயிறு பாவாணர் 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்' என்னும் நூலில் தொகுத்து வைத்தார். அவர் ஒருவர் செய்த பணியை ஊர்தோறும் தொடர்ந்திருத்தல் வேண்டாவா? மேடையில் கிட்டிப்புள்ளைக் கிரிக்கெட்டின் தாயாக்குவாருள், தம் ஊர்க் கிட்டிப்புள்ளின் விதிகளை ஒரு தாளில் எழுதி வைத்தவர் எத்துணையர்?

ஊரூராக அவ்வாட்டம் ஆடிய முதியோர் இன்றும் உளர், நாளை இரார். அவர்தம் வாயினின்று ஆட்டத்தின் பெயர், கருவியின் பெயர், அடிவகையின் பெயர், எண்ணும் சொல், தோற்றவன் பாட்டு ஆகியவற்றைப் பிழையின்றி எழுதி, ஊர்ப்பெயரும் நாளும் இட்டுப் பதிதல் வேண்டும். பிரின்சுடன் மாணவன் எழுதிய ஒரு வரி இருநூறாண்டு கழித்து ஒரு பெருநாட்டின் பொய்யை உடைக்க உதவியது. இன்று ஒரு தமிழ் மாணவன் எழுதும் ஒரு வரி, இருநூறாண்டு கழித்து ஓர் இனத்தின் மெய்யைக் காக்கும்.

வந்த ஆட்டத்தை ஆடுவார் ஆடுக. அதனைத் தமிழிற் சொல்லி ஆடுக. ஈழத்தமிழர் அதனைத் துடுப்பாட்டம் என்றே தம் செய்தித்தாளிலும் வானொலியிலும் வழங்கினர், நா சுளுக்கவில்லை, ஆட்டம் நிற்கவில்லை. தமிழகத்து இதழ்கட்கு மட்டும் கிரிக்கெட்டு என்னாவிடின் பந்து உருளாதோ? பெயரைப் பறிகொடுத்த முதற்குடிகள் இனத்தையேனும் காத்துக்கொண்டனர். பறிப்பார் இன்றியே பெயரைத் தானே எறியும் இனம் எதனைக் காத்துக்கொள்ளும்?

இசுபால்டிங்கின் பொய் முப்பதாண்டில் மண்டபம் ஆயிற்று. அம்மண்டபம் இன்றும் நிற்கின்றது, பொய் நிற்கவில்லை. தமிழர் எழுப்ப வேண்டுவது மண்டபம் அன்று, ஏடு. முழங்க வேண்டுவது தாய்மை உரிமை அன்று, சான்று. மெய்யே தமிழின் படைக்கலம்; அதனைத் துருவேற விடுவார் யாவராயினும், அவர் தமிழ்க்கொடி ஏந்தி நிற்பினும், தமிழ்க்கு ஆகார்.